ஆற்றில் போட்ட கணக்கு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் ஆற்றில்தான் போடுகிறேன்,
அளந்துதான் போடுகிறேன்.
தொரேல் ஆற்றின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு.
காசோலைக்கு மூன்று கையெழுத்து:
மட்டி பொறுக்கும் பெண்களின் சங்கத்துக்கு டொசிண்டா,
மீன் டப்பா ஆலைக்குக் கோட்டு போட்ட ஒரு பையன்,
நகராட்சிக்குத் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் யாரோ.

கலீசியாவின் இந்தக் கழிமுகத்தில்
மூவரையும் ஒரு மேசைக்குக் கூட்டுவது என் வேலை.
கடல் வற்றும் நேரம் டொசிண்டா வரமாட்டாள்,
முழங்கால் சேற்றில் நிற்பாள்.
கடல் ஏறும் நேரம் நகராட்சி சாப்பிடப் போயிருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழை.
பதினாறு நாள் விடவில்லை.
மலையிலிருந்து மண்ணும் நன்னீரும் சேர்ந்து இறங்கி
உப்பைத் தள்ளிக்கொண்டு போயின.
விடிந்தபோது மட்டிகள்
கரை நெடுக வாய் பிளந்து கிடந்தன.
டொசிண்டா ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.
"சாணம்" என்றாள்.
யூகலிப்டஸ் தோப்புக்கு அப்பால்
எலாதியோவின் நூற்று நாற்பது மாடுகள் இருக்கும் பக்கம் பார்த்தாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்கியது.

பிரசல்ஸில் பணம் இருக்கிறது.
முதலில் செலவு செய்,
ரசீது அனுப்பு, பிறகு தருகிறோம் என்கிறது அது.
பிறகு என்பது பதினான்கு மாதம்.
அதுவரை கன்றுக்கும் கம்பிக்கும் யார் கொடுப்பது?
பெண்கள் கிலோவுக்கு இருபது சென்ட் பிடித்தம் செய்ய ஒத்துக்கொண்டார்கள்,
திட்டிக்கொண்டே.
ஆலை கொடுத்தது;
வேலிக் கம்பம் ஒவ்வொன்றிலும் தன் முத்திரை வேண்டும் என்றது.
இப்போது ஆற்றங்கரையில் எண்ணூறு மத்தி மீன்கள்
தக்காளிச் சாற்றில் சிரிக்கின்றன.

உழைப்பையும் பணமாக எழுதலாம் என்கிறது விதி,
மணிக்குப் பதினைந்து யூரோ.
டொசிண்டா ஆல்டர் கன்று நட்ட அறுபத்திரண்டு மணி நேரம்
என் ஏட்டில் தொள்ளாயிரத்து முப்பது ஆயிற்று.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"கடல் எனக்கு இவ்வளவு கொடுத்ததில்லை.
இதில் கையில் எவ்வளவு வரும்?"
ஒன்றும் வராது என்றேன்.
அதற்கும் சிரித்தாள்.

எலாதியோ எந்தக் கூட்டத்துக்கும் வந்தவனல்ல.
ஒரு செவ்வாய்க்கிழமை, இருட்டிய பிறகு,
வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு
காலுறையோடு வந்து நின்றான்.
ஓடையிலிருந்து பதினொரு மீட்டர் தள்ளி
வேலி போட்டுக்கொள்ளுங்கள் என்றான்,
ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு.
நன்கொடைப் பக்கத்தைத் திறந்தேன்.
"அப்படி எழுதாதே" என்றான்.
"தொழுவம் கழுவியதெல்லாம்
என் அப்பா காலத்திலிருந்து அங்கேதான் போனது.
கடன் என்று எழுது."

கடனுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
வசந்தத்தில் வந்த தணிக்கை அம்மாள்
விரலை வைத்துக் கேட்டாள்:
கொடுத்தவர் யார், வட்டி எவ்வளவு?
அழித்துவிட்டேன்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால்
அழுந்திய எழுத்து இன்னும் தெரிகிறது.

இந்த நவம்பர் மழை நின்ற மறுநாள்
படகிலிருந்து கயிற்றில் வெள்ளைத் தட்டை இறக்கினோம்.
போன வருடத்தைவிட ஒரு முழம் கீழே வரை தெரிந்தது.
ஆலைப் பையன் அதைச் சதவீதமாக்கித் தரச் சொல்கிறான்.
டொசிண்டா கையை நீட்டி முழங்கையிலிருந்து விரல் நுனி வரை
ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டுக்கு
நாலாயிரத்து நூறு யூரோ குறைகிறது.
நகராட்சியில் மறுபடி புது ஆள்.
கன்றுக்காரனுக்கு நாளைக்குள் காசோலை போக வேண்டும்,
நாளை காலை ஏழுக்குக் கடல் வற்றுகிறது.
காசோலையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
பேனாவைக் காதில் செருகி
நான்தான் சேற்றில் இறங்க வேண்டும்.